செங்கரட்டூரின் பத்தாவது ரவுடி

எங்கள் ஊர் வீரமுத்து பதினோரு கொலை செய்தவர். ஒரு பஸ்ஸைக் கொளுத்தியவர். வெட்டுக்குத் தயாராக நின்ற கரும்புத் தோட்டத்தைச் சாம்பலாக்கியவர். மணமேடையிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்டவாளத்தில் கட்டியவர். இவ்வளவையும் ஒரு தீபாவளிக்கு வந்த படத்தில், இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள், நடுவில் இடைவேளையும் விட்டுச் செய்து முடித்தார். படத்துக்கு வெளியே அவர் ஜீப் ஓட்டுகிறார். யாராவது கோழி அறுத்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

நான் நாராயணசாமி. செங்கரட்டூர் காவல் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறவன். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வரத்தான் வரும். என் மேசையில் நீங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் வரும்.

தொண்ணூற்றேழில் கல்வராயன் மலையில் படம் எடுக்க ஒரு கூட்டம் வந்தது. வில்லனாக நடிக்க மெட்ராஸிலிருந்து வந்தவர், வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் ஏழாவது வளைவில் வாந்தி எடுக்க ஆரம்பித்து, மேலே போய்ச் சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. மறுநாள் கீழே இறங்கியவர் இறங்கியவர்தான். அவரை ஏற்றி இறக்கிய ஜீப்பின் டிரைவர் வீரமுத்து, பஞ்சரான டயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது டைரக்டர் பார்த்தார். ஆறடி உயரம். இரண்டு புருவமும் ஒட்டி ஒரே புருவம். பிதுங்கி நிற்கும் கண்.

"இந்த மூஞ்சிய வெச்சிக்கினு நீ ஏன்யா டயர் மாத்துற?" என்று கேட்டாராம் டைரக்டர்.

அப்படிப் பிறந்தான் 'கடப்பாரை' கோதண்டம். கடப்பாரை மரத்தில் செய்து வெள்ளி பெயிண்ட் அடித்தது. குரல்கூட வீரமுத்துவுடையது இல்லை. அவர் குரல், பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுப் பிள்ளை 'உள்ளேன் ஐயா' சொல்வது போல இருக்கும். மெட்ராஸில் யாரோ ஒரு புண்ணியவான் அடித்தொண்டையில் பின்னணி பேசினார். "கதவ நீ தொறக்கிறியா, நா தொறக்கட்டா?" என்ற அந்த ஒரு வசனத்துக்குத் தியேட்டர் கூரை பிய்ந்தது.

அடுத்த படத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. வீரமுத்து மறுபடி ஜீப்புக்கே வந்தார். ஆனால் ஜீப்பில் அவர் பக்கத்து சீட்டில் உட்கார ஆள் இல்லை. முன்னெல்லாம் பதினாறு பேர் தொங்கிக்கொண்டு சண்டை போடும் வண்டியில், இப்போது எல்லாரும் கைகட்டி, மூச்சு விடாமல் வெள்ளிமலை வரைக்கும் போனார்கள். திருநாவலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவரைப் பந்தியிலிருந்து எழுப்பி, "அந்தப் பொண்ண ஏன்டா தண்டவாளத்துல கட்டின, பாவி?" என்று ஓர் அம்மாள் மண்ணை வாரித் தூற்றினார். கல்யாண வீட்டுக்காரர்கள் ஓடிவந்து தடுத்து, போட்டோவில் மட்டும் நிற்க வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து, சாயங்காலமானால் அவர் வீட்டு வாசலில் கிண்ணத்தோடு நிற்கும் தாய்மார்கள். சோறு தின்னாத பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். வீரமுத்து வெளியே வந்து ஒருமுறை முழித்துப் பார்க்க வேண்டும். பிள்ளை வாயைத் திறக்கும், தாய் ஒரு கவளம் போடுவாள். "பயப்படாத கண்ணு, மாமா உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று இவர் சமாதானம் சொன்னால் தாய்மார்களுக்குக் கோபம் வரும். "இன்னாண்ணே நீ, மொறச்சிக்கினே இருண்ணே, இன்னும் ரசஞ்சோறு இருக்குது" என்பார்கள். இருபது வருஷத்தில் செங்கரட்டூரில் ஒரு தலைமுறையே அந்த முழியில் வளர்ந்தது.

இதுவரைக்கும் எல்லாம் வேடிக்கைதான். மாவட்டம் புதிதாகப் பிரிந்த வருஷம் வேடிக்கை தீர்ந்தது. ஸ்டேஷன்களில் இருக்கும் ரவுடி பட்டியலையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பத்து ரவுடி வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் பத்துக் கட்டம் இருந்தது. பத்தையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். செங்கரட்டூரில், எவ்வளவு பெருக்கிப் பார்த்தாலும், ஒன்பது பேர்தான் தேறினார்கள். அதிலும் இருவர் மாமன் மச்சான் சண்டைக்காரர்கள்.

ஸ்டேஷன் ரைட்டர் தங்கமணி வெளியூர்க்காரர், பயபக்தி உள்ளவர், சினிமா பார்க்காதவர். டீக்கடையில் உட்கார்ந்து, "இந்த ஊர்லயே பெரிய ரவுடி யாருங்க?" என்று விசாரித்தார். டீக்கடையே ஒரே குரலில், "கடப்பாரை கோதண்டந்தான் சார்!" என்றது. "இன்னா பண்ணான்?" என்று கேட்டாரோ இல்லையோ, ஆளுக்கொரு காட்சியாக எடுத்துவிட்டார்கள். மாஸ்டர் கிளைமாக்ஸையே நடித்துக் காட்டினார். தங்கமணி நாலு பக்கம் எழுதிக்கொண்டார். படம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அது படம் என்று தெரியாத ஆள் பூமியில் இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, பாவம்.

பத்தாவது கட்டம் நிரம்பியது. பக்கம் திறந்தது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அடுத்த வருஷம் வீரமுத்துவின் ஒரே மகள் செவ்வந்தி காவலர் தேர்வில் பாஸ் செய்தாள். ஓட்டத்தில் அவளுக்கு முன்னால் ஒரு பெண்ணும் இல்லை. மலைப்பாதையில் அப்பா ஜீப்புக்குப் பின்னால் ஓடியே பழகியவள். போலீஸ் வேலை என்பது அவளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து இருக்கும் வெறி. "ஊரே எங்கப்பாவ பாத்து பயப்படுது, நா யூனிபார்ம் போட்டுக்கினு அவரு பக்கத்துல நின்னா பயம் போயிடும்" என்பாள். பயிற்சியில் சேர இருபத்தேழு நாள் இருந்தபோது, குடும்பத்தைப் பற்றிய விசாரணைத் தாள் செங்கரட்டூர் ஸ்டேஷனுக்கு வந்தது. தகப்பன் பெயர் பட்டியலில் பத்தாவதாக நின்றது.

வீரமுத்து என் மேசைக்கு வந்து நின்றார். நான் பேனாவை மூடிவிட்டு அவரோடு ஸ்டேஷனுக்குப் போனேன்.

"ஐயா, அது சினிமாங்க" என்றார் வீரமுத்து.

"எது சினிமா?" என்றார் தங்கமணி.

"நா பண்ணது."

"ஆக, பண்ணத ஒத்துக்கிற."

"நடிச்சேங்க."

"இங்க வந்தா எல்லாரும் நடிக்கத்தான்யா செய்றீங்க. இன்னா குரல இப்பிடி மெல்லிசா மாத்திக்கினு பேசற? டீக்கடையில சொன்னாங்க, இடி மாதிரி இருக்குமாமே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், படத்தப் பாத்தா தெரிஞ்சிடும், ஒரு தடவ பாருங்க" என்று சொல்லி, கடைத்தெருவில் தேடி சி.டி. வாங்கிக் கொடுத்தேன். சாட்சியம் என்று ரசீது போட்டு வாங்கிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர், ரைட்டர், நாலு போலீஸ்காரர்கள் எல்லாரும் ஸ்டேஷன் கதவைச் சாத்திக்கொண்டு முழுப் படமும் பார்த்தார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். உள்ளே இரண்டு முறை விசில் கேட்டது.

இன்ஸ்பெக்டர் கண் சிவந்து வெளியே வந்தார். "மொதல்ல எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்திச்சி. இப்ப கண்ணால பாத்தாச்சி" என்றார். பிறகு ரைட்டர் பக்கம் திரும்பி, "தங்கமணி, கரும்புத் தோட்டத்துல ஒரு மாடும் செத்திருக்கு. அத நீ எழுதல. சேத்துக்க. அந்த தண்டவாளம் மட்டும் வேணாம், அது ரயில்வே போலீஸ் லிமிட்டு."

"சார், செத்தவங்க எல்லாம் உயிரோட இருக்காங்க சார்!" என்று கத்திவிட்டேன்.

"அப்பிடியா? செத்தவங்க வந்து சொல்லட்டும், பரிசீலிக்கிறோம்" என்றார் இன்ஸ்பெக்டர் அமைதியாக.

நல்லவேளையாகச் செத்தவர்கள் அத்தனை பேரும் நம் பக்கத்து ஆட்கள். பாதிப் பேர் மலைக்காரர்கள், மீதிப் பேர் கீழ்நாட்டுக் கரும்பு வெட்டும் ஆட்கள். படப்பிடிப்பின்போது ஆளுக்கு ஒரு வேளை பிரியாணி வாங்கிக்கொண்டு செத்தவர்கள். வீரமுத்து இரண்டு நாள் ஜீப்பை ஓட்டி, வெள்ளிமலையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஒவ்வொருவராகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். சாலம்மாள் என்ற பெண்மணி, படத்தில் கிணற்றில் தள்ளப்பட்டவர், இன்ஸ்பெக்டருக்கென்று ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு வந்தார்.

"செத்தவங்க எல்லாம் இந்தப் பக்கமா வரிசையில நில்லுங்க. சாவாதவங்க வெளிய போங்க" என்றார் தங்கமணி. ஆஜர் எடுத்தார். பத்துப் பேர் கை தூக்கினார்கள்.

"பதினொண்ணாவது ஆளு பாவாடை எங்க?"

எல்லாரும் கீழே பார்த்தார்கள். சாலம்மாள்தான் சொன்னார்: "பாவாட போன வருசம் காச்சல்ல பூட்டாருங்க. எம்பது வயசு."

ரைட்டரின் முகம் மலர்ந்தது. "ஆக ஒண்ணு நெசம்!"

"சார், படம் வந்து இருபத்திரண்டு வருசம் ஆச்சி" என்றேன்.

"உள்காயம்னு ஒண்ணு கீதுங்க. அடிச்ச அன்னிக்கே சாவணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல."

"ஐயோ, கேளுங்க சார்" என்று சாலம்மாள் குறுக்கே வந்தார். "பாவாட முடியாம கெடக்க சொல்ல, இந்தத் தம்பிதான் ஜீப்புல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடிச்சி. கடசி வரைக்கும் கையப் புடிச்சிக்கினு இருந்திச்சி. பெத்த புள்ள கூட அப்பிடி அழுவல."

தங்கமணி தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். 'இறந்தவருடன் கடைசியாகக் காணப்பட்டவர் எதிரி வீரமுத்து' என்று இருந்தது. பலாப்பழத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள்.

பதினைந்து நாள் ஓடிவிட்டது. இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பலாச்சுளை தின்றுகொண்டே ஒரு வழி சொன்னார். "பட்டியல்லேருந்து பேரு எடுக்க ஒரே வழி, ஆளு திருந்தணும். அடுத்த வாரம் டி.எஸ்.பி. ஐயா தலைமையில 'மனம் திருந்தியோர் விழா' வெச்சிருக்கோம். மேடையில ஏறி, பண்ணதெல்லாம் ஒத்துக்கினு, இனிமே பண்ண மாட்டேன்னு சொல்லிட்டா சர்டிபிகேட் கெடைக்கும். ஒரு தையல் மிஷினும் உண்டு."

"பண்ணாதத எப்பிடிங்க ஒத்துக்கிறது?" என்றார் வீரமுத்து.

"ஒத்துக்காம எப்பிடிய்யா திருந்துவ? திருந்தறதுக்கு மொதல்ல எதுனா பண்ணியிருக்கணுமில்ல?"

அன்றைக்கு அவர் வீட்டில் சமைத்ததை யாரும் தொடவில்லை. வீரமுத்துவின் மனைவி செல்லியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செவ்வந்திதான் முதலில் பேசினாள்.

"வேணாம்ப்பா. எனக்கு இந்த வேலயே வேணாம். உன் ஜீப்புலயே ஆளு ஏத்தி எறக்கிக்கினு இருந்துடறேன். ஊரு நடுவுல நீ போயி கொலகாரன்னு சொல்லிக்கறத நா பாத்துக்கினு நிக்கணுமா?"

"இருபது வருசமா ஊரு சொல்லிச்சி. நா சொன்னதில்ல, அவ்ளோதான்" என்றார் வீரமுத்து. "ஒரு தடவ சொல்லிட்டா என் பொண்ணு போலீசு. சொல்லிடறேன் பாப்பா." சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அந்த முழியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் காலை பத்து மணிக்கு. மணமேடையில் டி.எஸ்.பி. நடுநாயகமாக உட்கார, திருந்த வந்திருந்த ஏழெட்டுப் பேர் மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி பக்கவாட்டில் நின்றார்கள். வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்தார்கள். டி.எஸ்.பி. பேசினார்:

"ரவுடிகளே இல்லாத சமுதாயம், அதுதான் நம் லட்சியம். போன ஆண்டு நமது உட்கோட்டத்தில் இருபது ரவுடிகளை ஒழித்தோம். இந்த ஆண்டும் இருபது. அடுத்த ஆண்டும் இருபது ஒழிப்போம் என்று உறுதி கூறுகிறேன். எண்ணிக்கையை ஒருபோதும் குறைய விட மாட்டோம்! நம்மிடம் ரவுடி இல்லை என்று சில ஸ்டேஷன்களில் சாக்குச் சொல்கிறார்கள். தேடினால் கிடைக்காதது உண்டா? மனம் இருந்தால் ஒவ்வொரு குடிமகனிடமும் ஒரு ரவுடியைக் காணலாம்!"

பலத்த கைதட்டல். பிறகு வீரமுத்துவைக் கூப்பிட்டார்கள். மண்டபத்தில் பாதி, அவருடைய முழியில் சோறு தின்று வளர்ந்த கூட்டம். "கதவு! கதவு!" என்று கத்தினார்கள். டி.எஸ்.பி.யே மைக்கைச் சாய்த்து, "அந்த வசனத்த ஒரு தடவ சொல்லிட்டு அப்புறம் திருந்துங்க" என்றார்.

வீரமுத்து சொன்னார். மெல்லிசுக் குரலில் அந்த வசனத்தைக் கேட்டதும் கூட்டம் அடங்கிவிட்டது. அதே குரலில் தொடர்ந்தார். "பதினோரு பேரையும் நாந்தாங்க கொன்னேன். பஸ்ஸையும் நாந்தான் கொளுத்தினேன். அந்த மாடு கூட நாந்தாங்க. அதுங்க எல்லாம் என்னிய மன்னிக்கணும். பாவாட பெரியப்பா மன்னிக்கணும். எனக்கு ஒரு பொண்ணு கீதுங்க. அதும் மேல எதுவும் ஒட்ட வேணாங்க." மேடையிலேயே மண்டி போட்டுவிட்டார்.

மண்டபமே அழுதது. போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எல்லாரையும்விட உரக்க அழுதது, அவரால் கிணற்றில் தள்ளப்பட்ட சாலம்மாள். "நா மன்னிச்சிட்டேன் சாமீ!" என்று நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினார். கடைசி வரிசையில் செவ்வந்தி அழாமல், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு தகப்பனும் மகளும் வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். 'மேற்படி நபர் தொழில் முறையில் நடிகர் என்பது நம்பத்தகுந்த வட்டாரங்களிலிருந்து தெரியவருவதால், விழாவில் அவர் திருந்தியது நடிப்பாக இருக்கக்கூடும் எனக் கருதி, அவரது பெயரை நீக்கும் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, வாழ்க்கையில் வந்த கோபமெல்லாம் சேர்ந்து ஒரே கோபமாக வந்தது. தாளைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் குறுக்கே கடந்தேன். ஒரு மினி பஸ் எனக்காக நின்றது. வீரமுத்து பின்னாலேயே ஓடிவந்தார்.

"நடிகர்னு நீங்களே எழுதிட்டீங்க சார்! நடிகர்னா அந்தக் கொலையெல்லாம் நடிப்பு. நடிப்புன்னா ரவுடி இல்ல. கையெழுத்து உங்க டி.எஸ்.பி.யோடது!" என்றேன்.

இன்ஸ்பெக்டர் தாளை மூன்று முறை படித்தார். ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். "நீங்க சொல்றது கரெக்டுங்க" என்றார் இன்ஸ்பெக்டர் கடைசியில். "மறுக்கவே முடியாது. இவரு ரவுடி இல்ல. ஆனா எடுக்க முடியாது."

"ஏன் முடியாது?"

தங்கமணி கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். வீரமுத்துவின் பெயரை அழித்துக் காட்டினார். பத்தாவது கட்டம் சிவப்பாக எரிந்தது. "இது காலியா இருந்தா அடுத்த பக்கம் தொறக்காதுங்க. அந்தப் பொண்ணோட வெரிபிகேஷனே அடுத்த பக்கத்துலதான் கீது. இன்னிக்கி அஞ்சி மணிக்குள்ள அனுப்பலன்னா கேன்சல். நாங்க மட்டும் இன்னாங்க பண்றது? ஊர்ல வேற ரவுடி இல்ல. நாங்களும் எவ்ளோ நாளா சொல்லிக்கினு இருக்கோம், ஜனங்க ஒத்துழைக்க மாட்டேங்கிறாங்க."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால். வீரமுத்து ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்த பெண் காவலர் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் போலீஸ் வேலைக்குப் போகிற பிள்ளை கிடையாது. வீட்டில் நானும் ஒரு பூனையும்தான்.

"என் பேரைப் போடுங்க" என்றேன்.

"அண்ணே! வேணாண்ணே!" என்று வீரமுத்து என் கையைப் பிடித்தார்.

"சும்மா இருய்யா. உம் பொண்ணு போலீசு ஆவணுமா வேணாமா?"

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, இந்த மாதிரி பொதுமக்கள்தாங்க நாட்டுக்கு வேணும். ஆனா வாயால சொன்னா சேக்க முடியாது. ஒரு மனு குடுங்க. பட்டப்பேரும் கட்டாயம் வேணும், அதுக்கு ஒரு கட்டம் கீது."

என் மேசைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தேன். 'பொருள்: ரவுடி பட்டியலில் என் பெயரைச் சேர்த்தல் தொடர்பாக. ஐயா, மேற்படி முகவரியில் வசிக்கும் 'பேனா' நாராயணசாமியாகிய நான், அரசு அலுவலர்களை ஓயாமல் எழுதி மிரட்டும் பழக்கம் உடையவன். வயது அறுபத்து மூன்று. திருந்தும் எண்ணம் இல்லை. எனவே கருணை கூர்ந்து ஆவன செய்யும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.'

தங்கமணி என் பெயரைத் தட்டினார். சிவப்பு பச்சையானது, பக்கம் திறந்தது. நாலு இருபதுக்குச் செவ்வந்தியின் தாள் 'குடும்பத்தில் குற்றப் பின்னணி ஏதுமில்லை' என்று போயே போய்விட்டது. அவள் ஓடிவந்து ஸ்டேஷன் வாசலிலேயே அப்பாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அந்த முழியும் சிரித்தது. தெருவில் போன ஒரு குழந்தை அதைப் பார்த்து வீறிட்டு அழுதது.

நான் ஒப்புகைச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக எழுதுகிறேன். பட்டாவுக்கு, குடிதண்ணீருக்கு, மலைக்கு ஒரு பஸ்ஸுக்கு, கிழவிகளின் உதவித்தொகைக்கு என்று எழுதாத மனு இல்லை. கொடுத்த அன்றைக்கே, ஒரு மணி நேரத்துக்குள், கையெழுத்தும் முத்திரையுமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மனு அது ஒன்றுதான்.